ஆளிநூல் ஊர்: ஜிரார்துஃப்பின் இருநூறு ஆண்டுகள்

1810 மே மாதம் நெப்போலியன் ஓர் ஆணை பிறப்பித்தார். ஆளிநாரை இயந்திரத்தில் நூற்க வழி கண்டுபிடிப்பவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் அவருக்குப் பத்து லட்சம் பிராங்க் பரிசு. அந்தக் காலத்தில் அது ஓர் ஆலையையே கட்டி முடிக்கப் போதுமான தொகை. இவ்வளவு பெரிய பரிசுக்கு அரசியல் காரணம் இருந்தது. இங்கிலாந்து பருத்தி நூலை இயந்திரத்தில் நூற்று உலகச் சந்தையைப் பிடித்துவிட்டது. இங்கிலாந்துச் சரக்கு ஐரோப்பாவுக்குள் நுழையக் கூடாதென்று நெப்போலியன் தடை போட்டிருந்தார். பருத்தி ஐரோப்பாவின் பெரும்பகுதியில் விளையாது, ஆளி விளையும். ஆளிநாரை நூலாக்கும் இயந்திரம் கிடைத்தால் லினன் துணியைக் கொண்டு பருத்தியைத் தோற்கடிக்கலாம் என்பது அவர் போட்ட கணக்கு.

தென்பிரான்சின் லூர்மரேன் என்ற சிற்றூரில் 1775இல் பிறந்த பிலிப் த ஜிரார் சில வாரங்களுக்குள்ளேயே தன் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். போலந்தின் தலைநகர் வார்சாவிலிருந்து தென்மேற்கே சுமார் 45 கிலோமீட்டரில் இருக்கும் ஒரு தொழில் நகரம் இன்றும் அவர் பெயரைப் போலந்து உச்சரிப்பில் தாங்கி நிற்கிறது. ஜிரார்துஃப் என்பது அதன் பெயர். ஏறத்தாழ 40,000 பேர் வாழ்கிறார்கள். ஊரின் வரலாற்றைச் சொல்பவர்கள் வழக்கமாக அந்தப் பிரெஞ்சுப் பொறியாளரில் தொடங்கி, ஊரைக் கட்டிய ஆலை முதலாளியிடம் வந்து, அழகான செங்கல் வீடுகளில் முடித்துவிடுவார்கள். இந்தக் கட்டுரையும் அவர்கள் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. ஆனால் ஊரின் உண்மையான வரலாறு நூலைத் தாரில் சுற்றிய பெண்களிடம் இருக்கிறது என்பது என் துணிபு.

முதலில் தொழில்நுட்பம். பருத்தி இழை குட்டையானது, மெத்தென்றது, ஒன்றோடொன்று எளிதில் பின்னிக்கொள்ளும். ஆளி அப்படியில்லை. செடியைப் பிடுங்கி, காய்களை உதிர்த்து, தண்ணீரிலோ பனியிலோ ஊறப்போட்டு அழுகவிட வேண்டும். பிறகு உலர்த்தி, தண்டை நொறுக்கி, சக்கையை அடித்து நீக்கி, இரும்புச் சீப்பில் வாரினால் நீண்ட பொன்னிற நார் கிடைக்கும். அந்த நாருக்குள் நுண்ணிய இழைகள் இயற்கையான பசையால் ஒட்டிக்கிடக்கின்றன. உலர்ந்த நிலையில் இயந்திரம் அதை இழுத்தால் முரட்டு நூல்தான் வரும். மெல்லியதாக இழுத்தால் அறுந்துபோகும். ஜிரார் கண்டுபிடித்தது, நூற்பதற்கு முன் நாரை நீரில் நனைத்துப் பசையைத் தளர்த்தும் முறை. பசை இளகியதும் உள்ளிருக்கும் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், நூல் மெலியும். கையால் நூற்பவர்கள் விரலை எச்சிலில் நனைத்துக்கொண்டே நூற்றதன் காரணமும் இதுதான். கிழவிகளின் விரல்நுனிக்குத் தெரிந்திருந்ததை அவர் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தார்.

பரிசு அவர் கைக்கு வரவேயில்லை. நெப்போலியனின் பேரரசு சரிந்தது. ஆலை தொடங்கி ஜிரார் கடனில் மூழ்கினார். அவருடைய கூட்டாளிகள் வரைபடங்களை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் விற்றார்கள். 1825இல் ஜேம்ஸ் கே என்ற ஆங்கிலேயர் ஈர நூற்பு முறைக்கு அங்கே காப்புரிமை பெற, லீட்ஸ் நகர ஆலைகள் அதை வைத்துச் செழித்தன. ஜிரார் ஆஸ்திரியாவுக்குப் போய் வியன்னாவுக்கு அருகே ஹிர்டன்பர்க்கில் ஓர் ஆலை நடத்திப்பார்த்தார். அதுவும் நிலைக்காமல், 1820களின் நடுவில் ரஷ்யப் பேரரசின் அழைப்பை ஏற்றுப் போலந்துக்கு வந்தார்.

அப்போது போலந்து என்றொரு சுதந்திர நாடு கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் அதைக் கூறுபோட்டு எடுத்துக்கொண்டன. 1815க்குப் பிறகு வார்சாவைச் சுற்றிய பகுதி, ரஷ்யப் பேரரசரையே அரசராகக் கொண்ட ஒரு சிறிய ‘போலந்து முடியாட்சி’யாக இருந்தது. அதன் நிதியமைச்சர் துருட்ஸ்கி-லுபெட்ஸ்கி ஒரு பிடிவாதக்காரர். ஆயுதத்தால் மீட்க முடியாததைத் தொழிலால் தக்கவைக்கலாம் என்று நம்பி வரியைக் கறாராக வசூலித்தார், சுரங்கங்களைத் திறந்தார், 1828இல் போலந்து வங்கியை நிறுவினார். வெளிநாட்டுக் கைவினைஞர்களை நிலமும் கடனும் கொடுத்து வரவழைத்த காலம் அது. ஜிராருக்குச் சுரங்கத் துறையில் தலைமைப் பொறியாளர் பதவி கிடைத்தது.

ஆளி நூற்பாலைக்குப் பணம் போட்டவர்கள் வுபியென்ஸ்கி சகோதரர்களும் அவர்களுடைய நண்பர்களும். அவர்களுடைய தந்தை ஃபெலிக்ஸ் வுபியென்ஸ்கி, நெப்போலியன் காலத்து வார்சா சிற்றரசில் நீதியமைச்சராக இருந்தவர். குடும்பத்துக்கு வார்சாவுக்கு மேற்கே குசூஃப் என்ற பண்ணை இருந்தது. போலந்துக்காரர் அனைவரும் அறிந்த ‘தாய்நாட்டுக்கு விடை’ என்னும் பொலோனேஸ் இசையை இயற்றிய மிஹாவ் ஒகின்ஸ்கி 1765இல் பிறந்த பண்ணை அது. முதலில் வார்சாவின் மரிமாண்ட் பகுதியில் சிறிய அளவில் தொடங்கிய நூற்பை, குசூஃப் பண்ணைக்குட்பட்ட பின்னாளில் ஜிரார்துஃப் எனப் பெயர் பெற்ற ரூதா குசோவ்ஸ்கா என்ற கிராமத்துக்கு மாற்ற முடிவானது. பீஷா கொங்கோலினா என்ற சிற்றாறு அங்கே ஓடுகிறது. லினனுக்கு ஆறு வேண்டும்: இயந்திரத்துக்கு, நனைப்பதற்கு, எல்லாவற்றுக்கும் மேலாக வெளுப்பதற்கு. 1830 நவம்பரில் ரஷ்யாவை எதிர்த்து வெடித்த எழுச்சி வேலையை நிறுத்தியது. எழுச்சி நசுக்கப்பட்ட பிறகு, 1833இல் ஆலை ஓடத் தொடங்கியது.

ஜிரார் அதன் தொழில்நுட்பத் தலைவராக இருந்தது சிறிது காலம்தான். 1844இல் பிரான்சுக்குத் திரும்பினார்; அடுத்த ஆண்டே பாரிசில் இறந்தார். ஆலையின் உரிமையாளர்களும் தேறவில்லை. கடன் முற்றி 1847இல் ஆலை போலந்து வங்கியின் கைக்குப் போனது. இதற்கிடையே ஊரின் எதிர்காலத்தை மாற்றிய வேறொன்று நடந்தது. 1845இல் திறக்கப்படத் தொடங்கிய வார்சா–வியன்னா இருப்புப்பாதை இந்தக் கிராமத்தின் வழியாகப் போனது. நிலக்கரி உள்ளே வரவும் துணி வெளியே போகவும் வழி பிறந்தது.

1857இல் ஆலையை வாங்கியவர்கள் பொஹீமியாவைச் சேர்ந்த கார்ல் ஹீலே, கார்ல் டிட்ரிஷ் என்ற இரு லினன் வணிகர்கள். இருவரும் இன்று செக் நாட்டில் உள்ள கிராஸ்னா லீபா வட்டாரத்துக்காரர்கள். ஜெர்மன் மொழி பேசியவர்கள். வாங்கிய நேரம் அருமையானது. போலந்துக்கும் ரஷ்யாவுக்கும் இடையே இருந்த சுங்கத் தடுப்பு 1851இல் நீக்கப்பட்டிருந்தது. வார்சாவிலிருந்து பசிபிக் கரைவரை ஒரே சந்தை. 1877 முதல் ரஷ்யா இறக்குமதி வரியைத் தங்கத்தில் கட்டச் சொன்னதால் வெளிநாட்டுத் துணிக்கு விலை ஏறியது. உள்ளே இருந்த ஆலைகளுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. மேசை விரிப்பு, படுக்கை விரிப்பு, துவாலை, பூவேலை செய்த டமாஸ்க் எனப் பேரரசின் பணக்கார வீடுகளுக்கெல்லாம் ஜிரார்துஃப் லினன் போனது. பின்னர் காலுறை ஆலையும் சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவின் மிகப் பெரிய லினன் ஆலைகளில் ஒன்றாக அது நின்றது.

டிட்ரிஷ் குடும்பம், குறிப்பாக மகன் இளைய கார்ல் டிட்ரிஷ், ஆலையோடு சேர்த்து ஓர் ஊரையே கட்டியது. இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் பெரும்பாலான தொழில் நகரங்கள் திட்டமில்லாமல் வீங்கியவை. அதே நாட்டின் வூச் நகரம் பருத்தி ஆலைகளால் கண்மண் தெரியாமல் வளர்ந்தது. அங்கே தொழிலாளிகள் ஈரம் கசியும் அறைகளில் நெருங்கிக் கிடந்தார்கள். ஜிரார்துஃப்பில் தெருக்கள் நேராக வகுக்கப்பட்டன. இருபுறமும் பூச்சு இல்லாத செங்கல்லில் ஒன்றுபோலான இரண்டடுக்கு வீடுகள். வீடுகளுக்குப் பின்னே விறகும் கரியும் வைக்கக் கொட்டகை, காய்கறி போட ஒரு துண்டு நிலம். ஆலையின் ஒருபுறம் தொழிலாளர் தெருக்கள், மறுபுறம் பூங்காவின் நடுவே டிட்ரிஷ் மாளிகை. இன்று அந்த மாளிகை மேற்கு மசோவியா அருங்காட்சியகம்.

வீட்டோடு நிற்கவில்லை. தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய குழந்தைகள் காப்பகம் கட்டினார்கள்; தாய் இயந்திரத்தருகே நிற்கும் நேரமெல்லாம் பிள்ளை அங்கே இருக்கலாம். பள்ளிகள், மருத்துவமனை, பொதுக் குளியலகம், துணி வெளுக்குமிடம், அலுவலர்களுக்கு மனமகிழ் மன்றம், கடைசியில், முதல் உலகப் போருக்குச் சற்று முன்னால், நாடகமும் கூட்டமும் நடத்த மக்கள் மன்றம். கத்தோலிக்கர்களுக்கு முதலில் எழுந்த கோயில் புனித சார்லஸ் பொரோமியோ பெயரில் அமைந்தது. கார்ல் என்னும் பெயரின் காவல் புனிதர் அவர். அது போதாமல் 1900–1903இல் கட்டிடக் கலைஞர் யூசெஃப் பியூஸ் ஜெகோன்ஸ்கி வரைந்த இரட்டைக் கோபுரச் செங்கல் தேவாலயம் ஊரின் நடுவே எழுந்தது. ஜெர்மானியப் புராட்டஸ்டண்டுகளுக்கு 1898இல் ஒரு கோயில். யூதர்களுக்குத் தொழுகைக்கூடம்.

இத்தனை வழிபாட்டிடம் தேவைப்பட்டதே ஊரின் கலவையைச் சொல்லும். பொஹீமியாவிலிருந்தும் சைலீசியாவிலிருந்தும் ஜெர்மானியர்கள், நெய்வதில் தேர்ந்த செக்கர்கள், இயந்திரம் தெரிந்த ஸ்காட்லாந்துக்காரர்கள், கடைவைத்த யூதர்கள், சுற்றுக் கிராமங்களில் நிலமில்லாமல் வந்த போலந்துக் குடும்பங்கள். மேற்பார்வையாளர் பேசியது ஜெர்மன், அரசு அதிகாரி பேசியது ரஷ்யன், தொழிலாளி பேசியது போலந்து மொழி. ஆலையின் படிநிலையே மொழியாகவும் இருந்தது. தன் மொழியில் குறை சொல்லக்கூட மேலே ஆள் இல்லாத நிலை எவ்வளவு கசப்பை வளர்த்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

முதலாளியின் நல்ல மனத்துக்கு இந்த ஊர் சான்று என்று சுற்றுலா நூல்கள் எழுதுகின்றன. அந்த வீடுகள் நல்ல வீடுகள். அதை மறுப்பது நேர்மையாகாது. வூச் தொழிலாளி ஒருவர் இங்கே வந்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பார். ஆனால் வீடு ஆலையுடையது, பிள்ளை படிக்கும் பள்ளி ஆலையுடையது, மருத்துவரும் ஆலையின் ஆள். வேலை போனால் எல்லாமே கேள்விக்குறியாகும். சம்பளத்தைத் தவிர வேறெதையும் ஆலையிடமிருந்து பெறாத தொழிலாளிக்கு இழக்க இருப்பது சம்பளம் மட்டும்தான். ஜிரார்துஃப் தொழிலாளிக்கு இழக்க வாழ்க்கை முழுவதும் இருந்தது. அப்படியிருந்தும் அவர்கள் எழுந்தார்கள். அதனால்தான் 1883 எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அந்த எழுச்சிக்கு முன்னால் நூற்புக்கூடத்தின் உள்ளே எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். ஈர நூற்பு ஆளிக்கு நல்லது, ஆளுக்குக் கெட்டது. ஒவ்வோர் இயந்திரத்தோடும் வெந்நீர்த் தொட்டி. சுழலும் கதிர்களிலிருந்து நீர்த்திவலை தெறித்தபடி இருக்கும். கூடம் முழுவதும் ஆவி, தரை முழுவதும் ஈரம். லினன் நூற்ற ஊர்களிலெல்லாம் பெண்கள் நனைந்த ஆடையோடும் ஊறிய பாதங்களோடும் நின்றார்கள். நாரை வாரும் பகுதியில் இதற்கு நேர்மாறு: காற்றெல்லாம் தூசு, மூச்சுக்குழாயை அடைக்கும் இருமல். பொறுமையும் விரல் நுட்பமும் வேண்டிய வேலை என்று சொல்லிக் குறைந்த கூலிக்குப் பெண்களையும் சிறுமிகளையும் எடுத்தார்கள். நூற்ற நூலைத் தாரிலும் பாபினிலும் சுற்றும் பிரிவில் பெரும்பாலும் இளம்பெண்கள். ஆலையின் ஏணியில் கடைசிப் படி அவர்களுடையது. வேலைநாளின் நீளத்துக்குச் சட்ட வரம்பே கிடையாது. ரஷ்யப் பேரரசு பதினொன்றரை மணி நேரம் என்ற உச்சவரம்பை விதித்ததே 1897இல்தான்.

1883 பிப்ரவரியில் வார்சா காவல் தலைமை ஓர் ஆணையிட்டது: ஆலைப் பெண்கள் அனைவருக்கும் கட்டாய உடற்பரிசோதனை, பாலியல் தொழிலாளர்களுக்குச் செய்வதைப் போல. முந்தைய ஆண்டு லுத்விக் வரின்ஸ்கி நிறுவிய ‘ப்ரோலெட்டரியட்’ என்ற சோசலிசக் கட்சி இதைக் கண்டித்துத் துண்டறிக்கை வெளியிட்டது. தொழிலாளர்கள் கொதித்தார்கள், ஆணை திரும்பப் பெறப்பட்டது. அதிகாரம் பின்வாங்கும் என்பதை ஆலைப் பெண்கள் கண்ணால் கண்டார்கள்.

அடுத்த இரண்டு மாதங்களில் ஜிரார்துஃப் நிர்வாகம் நூல் சுற்றும் பெண்களின் கூலியைக் குறைத்தது. ஏப்ரல் 23 அன்று அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். சங்கம் இல்லை, நிதி இல்லை, வேலைநிறுத்தமே குற்றமாக இருந்த நாடு. நிர்வாகம் அதிகாரிகளை அழைத்தது, கைதுகள் நடந்தன. அடங்குவார்கள் என்று பார்த்தால் மற்றப் பிரிவுகளும் வெளியே வந்தன. சில நாட்களில் சுமார் 8,000 பேர் தெருவில் நின்றார்கள், அதாவது ஏறத்தாழ ஆலை முழுவதும். படை வந்தது, கூட்டத்தின்மேல் சுட்டது. மூன்று இளைஞர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகும் தொழிலாளர்கள் உள்ளே போகவில்லை. மாத இறுதியில் நிர்வாகம் இறங்கிவந்து கூலிக்குறைப்பைக் கைவிட்டது.

போலந்து மண்ணில் ஓர் ஆலை முழுவதும் திரண்டு நடந்த முதல் பெரும் வேலைநிறுத்தம் என்று வரலாற்றாசிரியர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். நடத்தியவர்கள் யார் என்பதை மறக்கக் கூடாது. கட்சியின் பங்கைப் பெரிதாக்கும் எழுத்துகள் உண்டு. கட்சி அப்போது பிறந்து சில மாதமே ஆன தலைமறைவுக் குழு. அதன் தலைவர் வரின்ஸ்கி அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் கைதாகி, பின்னர் ரஷ்யச் சிறையில் இறந்தார். ஜிரார்துஃப்பில் நடந்ததைக் கண்டு கட்சி கற்றுக்கொண்டது என்று சொன்னால் பொருந்தும். கூலியில் சில காசு குறைந்தால் வீட்டில் என்ன குறையும் என்று தெரிந்த இளம்பெண்கள் தாங்களாகவே எடுத்த முடிவு அது. மாளிகையும் காப்பகமும் கோயிலும் எழுப்பிய முதலாளியின் வரலாறு ஊர் முழுக்கக் கல்லில் நிற்கிறது. இந்தப் பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் நம்மை வந்தடையவில்லை.

காலவரிசையையும் கவனிக்க வேண்டும். மருத்துவமனை, இரட்டைக் கோபுரத் தேவாலயம், மக்கள் மன்றம் ஆகியவை 1883க்குப் பிறகு எழுந்தவை. அச்சம் மட்டுமே அவற்றைக் கட்டியது என்று நான் வாதிடவில்லை. இளைய டிட்ரிஷுக்கு ஊர்மேல் உண்மையான ஈடுபாடு இருந்தது. ஆனால் 8,000 பேர் ஒரு வாரம் தெருவில் நின்றதைப் பார்த்த ஒரு முதலாளி, பிறகு எதையும் அதை மறந்துவிட்டுக் கட்டியிருக்க முடியாது. 1891 மே தினத்திலும் 1905 புரட்சியிலும் ஜிரார்துஃப் மீண்டும் வேலையை நிறுத்தியது.

முதல் உலகப் போர் ஆலையை ஏறத்தாழ அழித்தது. 1915 தொடக்கத்திலிருந்தே ஊருக்கு மேற்கே போர்முனை நின்றது. அருகில் உள்ள போலிமுஃப்பில்தான் அந்த ஜனவரியில் ஜெர்மானியப் படை நச்சுவாயு நிரப்பிய குண்டுகளை முதன்முதலில் பெருமளவில் வீசியது. கோடையில் பின்வாங்கிய ரஷ்யப் படை, எதிரிக்கு உதவக் கூடாதென்று ஆலையை வெடிவைத்துத் தகர்த்தது. பேரரசுக்கே மேசை விரிப்பு நெய்துகொடுத்த ஊரை அந்தப் பேரரசே தகர்த்துவிட்டுப் போனது. சட்டப்படி அதுவரை ஊர் ஒரு ‘ஆலைக் குடியிருப்பு’ மட்டுமே. 1916இல்தான் நகர உரிமை கிடைத்தது.

1918இல் சுதந்திரம் பெற்ற போலந்து, ஆலையைத் தன் நிர்வாகத்தில் எடுத்து அரசுப் பணத்தில் மீட்டது. 1923இல் அது பிரெஞ்சுக்காரர் கைக்கு மாறியது. பிரான்சின் பருத்தி மன்னர் என்றழைக்கப்பட்ட மார்செல் புசாக்கின் நிறுவனம் பெரும்பான்மைப் பங்குகளைப் பழைய உரிமையாளர் தரப்பிடமிருந்து வாங்கியிருந்தது. அமைச்சர் வ்வாதிஸ்வாவ் குஹார்ஸ்கி, அரசு செலவழித்ததை மிகக் குறைவாகக் கணக்கிட்டு ஆலையை ஒப்படைத்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அவரை அரசியல் தீர்ப்பாயத்தில் நிறுத்த நாடாளுமன்றம் முயன்றது. போலந்து அரசியல் வரலாற்றில் இதற்கு ‘ஜிரார்துஃப் ஊழல்’ என்றே பெயர்.

ஒரு தொழில்நகரத்தின் முடிவுகள் எங்கோ எடுக்கப்படும்போது என்ன நடக்கும் என்பதற்குப் புசாக் காலத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. டிட்ரிஷ் வேறு இனத்தவர்தான், ஆனால் அவர் மாளிகை ஆலையின் எதிரே இருந்தது. தேவாலயத்துக்கு வந்தால் தொழிலாளியைப் பார்த்தாக வேண்டும். பாரிசில் இருந்த புசாக்குக்கு ஜிரார்துஃப் ஒரு கணக்கு வரி. ஊர் நலிந்தது, ஆட்குறைப்பு நடந்தது, இலாபம் தாய் நிறுவனத்துக்குத் திருப்பப்படுவதாகச் சிறுபங்காளிகள் வழக்குத் தொடுத்தார்கள். உலகப் பொருளாதார நெருக்கடி வந்தபோது ஊர் பட்டினி கிடந்தது. ஊர் முழுக்க ஒரே ஆலை. அது துரத்திவிட்டால் போக வேறிடமில்லை.

1932 ஏப்ரல் 26 அன்று, வேலையிலிருந்து நீக்கப்பட்ட யூலியுஷ் பிளஹோவ்ஸ்கி என்ற முன்னாள் ஊழியர், ஆலையின் பிரெஞ்சு இயக்குநர் கஸ்தோன் கோலர்-பதானை வார்சாவில் சுட்டுக்கொன்றார். ஒரு மனிதரைக் கொன்றதற்கு நியாயம் இல்லை. ஆனால் வழக்கு நடந்தபோது குற்றவாளிக் கூண்டில் நின்றது கொலையாளியா, ஆலை நிர்வாகமா என்று நாடே கேட்கும்படி ஆனது. பத்திரிகைகள் ஆலைக்குள் நடந்ததை நாள்தோறும் எழுதின. தண்டனை மிதமாகவே வந்தது. 1934இல் நீதிமன்றம் ஆலைக்கு இடைக்கால நிர்வாகத்தை அமர்த்தியது. பிரெஞ்சு மேலாளர்கள் கைதானார்கள். போலந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலான உறவே கசந்த பிறகு, 1936இல் ஓர் உடன்பாட்டின்மூலம் போலந்து அரசு ஆலையை வாங்கிக்கொண்டது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஊரைப் பிடித்தார்கள். யூதர்களை முதலில் ஒரு கெட்டோவில் அடைத்து, 1941 பிப்ரவரியில் வார்சா கெட்டோவுக்கு விரட்டினார்கள். அங்கே பசிக்கும் டைபஸ் காய்ச்சலுக்கும் தப்பியவர்களை அடுத்த ஆண்டு திரெப்ளிங்கா கொலைமுகாம் விழுங்கியது. ஊரின் ஒரு பகுதி மக்கள் அடியோடு இல்லாமல் போனார்கள். போர் முடிந்ததும் ஜெர்மானியர்களும் போய்விட, நூறாண்டுக் கலவை ஆறே ஆண்டுகளில் தீர்ந்தது.

போருக்குப் பின் ஆலை அரசுடைமை. சோவியத் சந்தைக்கு லினன் நெய்து ஆலை மறுபடியும் பெருகியது. 1946இல் இங்கே பிறந்த லெஷேக் மில்லர் பதின்வயதில் லினன் ஆலையில் மின்பணியாளராகச் சேர்ந்தவர். 2001 முதல் 2004வரை அவர் பிரதமராக இருந்தார்; ஐரோப்பிய ஒன்றியத்தில் போலந்தைச் சேர்த்தது அவருடைய அரசு.

போருக்குப் பின் தொழிலாளர் பெயரில் நடந்த கம்யூனிச ஆட்சியிலும் பெண்கள் நின்ற இடம் மாறவில்லை. கடையில் வரிசையில் நிற்பது அவர்கள், இயந்திரத்தருகே நிற்பதும் அவர்கள். 1981 அக்டோபரில் பங்கீட்டு அட்டைக்குக்கூட உணவு கிடைக்காத நிலையில் ஜிரார்துஃப் துணியாலைகளின் சுமார் 12,000 தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஆலைக்குள்ளேயே அமர்ந்து வேலையை நிறுத்தினார்கள். வேலைநிறுத்தம் வாரக்கணக்கில் நீடித்தது. ‘சோலிடாரிட்டி’ தொழிற்சங்கத்தின் தலைமை நாடு முழுவதும் வேலைநிறுத்தங்களைத் தணிக்கப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். இந்தப் பெண்கள் தலைமைக்குக்கூட எளிதில் அடங்கவில்லை. இரண்டு மாதத்துக்குள் ராணுவச் சட்டம் வந்தது. 1883க்கும் 1981க்கும் நடுவில் 98 ஆண்டு. முதலாளி மாறினார், பேரரசு மாறியது, ஆட்சிமுறையே மாறியது. எழுந்தவர்கள் அதே ஆலையின் பெண்கள், கேட்டது அதே சோறு.

1989க்குப் பிறகு சோவியத் சந்தை மறைந்தது. மலிவான ஆசியத் துணி வந்தது. 1990களில் ஆலை துண்டு துண்டாகி ஓய்ந்தது. ஊரில் வேலையின்மை பரவியது. இளையோர் காலை ரயிலேறி வார்சா போனார்கள். 1845இன் அதே இருப்புப்பாதை இப்போது துணிக்குப் பதிலாக ஆட்களை ஏற்றுமதி செய்கிறது. வறுமைக்கு ஒரு பக்கவிளைவு: இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட யாரிடமும் பணம் இல்லை. அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆலைக் குடியிருப்பு ஐரோப்பாவிலேயே அரிதான முழுமையோடு எஞ்சியது. 2012இல் போலந்து அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. ஒரு நூற்பாலைக் கட்டிடம் உயர்ந்த கூரையும் செங்கல் சுவரும் கொண்ட குடியிருப்புகளாக மாறி, ஜிராரின் பெயரிலேயே விற்பனையாகிறது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. ஜிரார்துஃப்பிலிருந்து வெளியேறிய மார்செல் புசாக், 1946இல் பாரிசில் கிறிஸ்தியான் தியோர் என்ற ஆடை வடிவமைப்பாளருக்கு முதலீடு கொடுத்தார். பின்னர் புசாக்கின் சாம்ராஜ்யம் திவாலானது. 1984இல் அதன் எச்சத்தைத் தியோருக்காகவே வாங்கிய பெர்னார் அர்னோ, அதை அடித்தளமாக்கி இன்றைய எல்விஎம்எச் குழுமத்தின் தலைவரானார். அதே குழுமத்துக்குச் சொந்தமான பெல்வெடர் வோட்கா, ஜிரார்துஃப்பின் பழைய வடிசாலையில் கம்பு தானியத்திலிருந்து காய்ச்சப்படுகிறது. ஊரின் லாபம் இன்னமும் ஏதோ ஒரு வழியில் பாரிசுக்குத்தான் போகிறது.

பாதுகாக்கப்பட்ட செங்கல்லை நான் மதிக்கிறேன். ஆனால் கட்டிடத்தை மட்டும் பார்த்தால் ஊரைக் கட்டியவர் டிட்ரிஷ் என்றுதான் தோன்றும். மறுபக்கத்தை அறிய ஒரு நூல் இருக்கிறது. 1881இல் செக் புராட்டஸ்டண்டு நெசவுக் குடும்பத்தில் ஜிரார்துஃப்பில் பிறந்து, சிறுவயதிலேயே ஆலை வேலைக்குப் போய், தானாகப் படித்து எழுத்தாளரான பாவேல் ஹூல்கா-லாஸ்கோவ்ஸ்கி எழுதிய ‘என் ஜிரார்துஃப்’, புசாக் வழக்கு உச்சத்தில் இருந்த 1934இல் வெளிவந்தது. செக் எழுத்தாளர் ஹாஷெக்கின் ‘ஷ்வெய்க்’ நாவலைப் போலந்து மொழிக்குக் கொண்டுவந்தவரும் இவரே. ஆலையை உள்ளிருந்து பார்த்தவர், மாளிகையின் பக்கம் நின்று எழுத அவசியம் இல்லாதவர். போலந்தின் கவிதையும் நாவலும் தமிழுக்கு வந்த அளவுக்கு அதன் தொழிலாளர் எழுத்து வரவில்லை. போலந்து மொழி அறிந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் யாரேனும் இந்த நூலை எடுத்துச் செய்ய வேண்டும். பதிப்பாளர்கள் அதற்குத் துணை நிற்க வேண்டும்.